பொறியின் குரலும் பிள்ளையின் நாவும்

(தமிழாசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஏழு அகவைச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் தமிழர், பிறந்து வளர்வது தொரண்டோ நகரில். கிழமைக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், தமிழ் வகுப்பு. ஆசிரியை 'வலி', 'வளி', 'வழி' என மூன்று சொற்களைப் பலுக்கிக் காட்டுகிறார். சிறுமி மூன்றிற்கும் ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்கிறாள். மீண்டும் பலுக்குகிறார், மீண்டும் அதுவே. ஆசிரியை அவள் நாவைத் திருத்த முனைகிறார். ஆனால், பிழை அவள் நாவிலா இருக்கின்றது? அவள் காதில் அம் மூன்றும் ஒரே ஒலியாகவே விழுகின்றன. காது பிரித்தறியாத ஒலியை நா எங்ஙனம் எழுப்பும்?

கடல் கடந்த நாட்டுக் குழந்தையின் நிலைதானே இது என்று தாயகத் தமிழர் அமைதி கொள்ள வேண்டா. சென்னையிலும் கோவையிலும் ஆங்கிலவழிப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் வேறுபாடு தோன்றப் பேசுகின்றனர்? 'அறம்' என்பதும் 'அரம்' என்பதும் எத்துணைப் பேர் வாயில் இரு சொற்களாக ஒலிக்கின்றன? வள்ளுவர் பாடிய அறம், கொல்லன் பட்டறை அரமாகிக் கிடக்கும் கொடுமையைத் தமிழ் மேடைகளிலேயே கேட்கலாம்.

இந்நிலையில் புதிய கருவி ஒன்று வந்திருக்கின்றது. செய்யறிவுப் பொறி எழுத்தைக் கொடுத்தால் பேச்சாக்கித் தருகின்றது. ஆண் குரலிலும் பெண் குரலிலும், விரைந்தும் தாழ்ந்தும், எத்துணை முறை கேட்பினும் சலிப்பின்றிப் பேசுகின்றது. மேலை நாடுகளில் ஆங்கிலமும் பிரஞ்சும் சீனமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைக் கேட்டற் பயிற்சிக்கும் பலுக்கற் பயிற்சிக்கும் எடுத்தாளத் தொடங்கிவிட்டனர். தமிழ் கற்பிப்போர் இதனைக் கைக்கொள்வதா, தள்ளுவதா? கைக்கொள்ளின் எவ்வாறு கைக்கொள்வது? இதுவே இன்று ஆராயத்தக்க வினா.

காதே முதல் ஆசான்

பிறந்த குழந்தைக்கு உலக மொழிகள் அனைத்தின் ஒலிகளும் பொது. எந்நாட்டில் பிறப்பினும் எம்மொழி ஒலியையும் பிரித்துணரும் காதோடுதான் அது பிறக்கின்றது. 1984-ஆம் ஆண்டில் கனடா நாட்டு உளவியல் அறிஞர் சேனட்டு வெர்க்கரும் இரிச்சர்டு தீசும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் இல்லத்துக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் கேட்கச் செய்தனர். ஆறு முதல் எட்டுத் திங்கள் அகவையில் அக் குழந்தைகள் இரண்டையும் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு திங்களுக்குள் அத்திறம் தேய்ந்துவிட்டது. சுற்றிலும் ஒலிக்காத வேறுபாட்டைக் காது வேண்டாததென்று தள்ளிவிட்டது.

தகர டகர வேறுபாடு தமிழுக்கும் உயிர்நாடி அன்றோ? 'பத்து' வேறு, 'பட்டு' வேறு. அதனினும் நுண்ணியவை லகர ளகர ழகரங்களும், நகர னகர ணகரங்களும், ரகர றகரங்களும். ஓராண்டு நிறையுமுன்னரே காது தன் கதவை மெல்லச் சாத்தத் தொடங்குகின்றதெனின், ஏழாம் அகவையில் கிழமைக்கு இரண்டு மணி நேரம் கேட்கும் தமிழால் அக் கதவைத் திறந்துவிட இயலுமா?

கதவு முற்றும் அடைபட்டுவிடுவதில்லை என்பதே ஆறுதல். தொடர்ந்த கேட்டற் பயிற்சியால் வளர்ந்தோரும் மீண்டும் பிரித்துணரக் கற்கலாம். அதற்கு வேண்டுவது மிகுதியான கேள்வி. வகுப்பறை தரவியலாத அம் மிகுதியைத்தான் பொறி தருகின்றது.

வளியும் பொறியும்

பேச்சொலி எவ்வாறு பிறக்கின்றது என்னும் ஆராய்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். உந்தியினின்று எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகள் பொருந்தி அமைய, எழுத்தொலிகள் வேறுவேறாய்ப் பிறக்கும் முறையை அது வகுத்துரைக்கின்றது. நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை ஒற்ற றகர னகரமும், வருட ரகர ழகரமும் பிறக்கும் என்கின்றது. ஒற்றலுக்கும் வருடலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அன்றே கண்டு பெயரிட்ட மொழி தமிழ்.

அக் கருத்தைப் பொறியாகச் செய்து பார்க்க முனைந்தவர்களுள் ஒருவர் அங்கேரியில் பிறந்த கெம்பலன். மூச்சுப்பைக்குத் துருத்தி, குரல்நாணுக்கு அதிரும் தகடு, வாய்க்கு நெகிழும் கூம்பு என அமைத்துச் சொற்களை ஒலிக்கச் செய்து, 1791-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். 1939-இல் நியூயார்க்கு உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வகத்தார் 'வோடர்' என்னும் பேசும் பொறியைக் காட்டினர். பயிற்சி பெற்ற பெண்கள் கட்டைகளையும் மிதியையும் இசைக்கருவி போல் இயக்க, அது பேசியது.

பின்னர்க் கணினி வந்தது. மாந்தர் குரலைப் பதிந்து, துண்டு துண்டாக நறுக்கி, வேண்டியவாறு ஒட்டிப் பேசவைத்தனர். ஒட்டுகள் காதிற்குத் தெரிந்தன. பேச்சு மரத்துப் போயிருந்தது. 2016-இல் இலண்டனில் உள்ள தீப்மைண்டு நிறுவனத்தார் 'வேவ்நெட்டு' என்னும் புது முறையை வெளியிட்டனர். ஒரு நொடி ஒலியை 16,000 புள்ளிகளாகப் பகுத்து, முன்சென்ற புள்ளிகளைக் கண்டு அடுத்த புள்ளி எதுவாதல் வேண்டும் எனக் கணித்துக் கணித்து ஒலியைக் கட்டும் முறை அது. அதன் வழிவந்த இன்றைய பொறிகளின் பேச்சை மாந்தர் பேச்சினின்று பிரித்தறிதல் பல வேளைகளில் அரிது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கெம்பலனின் பொறிக்கு வாயும் மூச்சும் இருந்தன. இன்றைய பொறிக்கு நாவும் இல்லை; அண்ணமும் இல்லை. மாந்தர் பேசிய பேச்சைக் கேட்டுக் கேட்டு அதுபோல் ஒலியமைக்கக் கற்றது அது. ஆதலின் எக்குரலைக் கேட்டதோ அக்குரலையே அது பேசும். எப்பிழையைக் கேட்டதோ அப்பிழையையே அது பயிற்றும்.

தமிழெழுத்தின் வெற்றி

தமிழெழுத்துக் குறையுடையது என்றொரு பழி நெடுங்காலமாகத் தமிழ்மேல் சுமத்தப்பட்டு வருகின்றது. வடமொழியில் நான்கு ககரம் உண்டு; தமிழில் ஒன்றே உண்டு; ஆதலின் தமிழால் ஒலிகளைச் செவ்வனே எழுத இயலாது என்பர். தமிழ்ப் பற்றுடையார் சிலருங்கூட இதற்கு மறுமொழி கூறத் தெரியாது வாளா இருந்ததுண்டு.

அதற்கான மறுமொழியைப் பொறி கூறுகின்றது, கேளுங்கள். 'கல்' என்பதில் ககரம் வன்மையாய் ஒலிக்கும். 'பக்கம்' என்பதில் இரட்டித்து அழுந்தும். 'தங்கம்' என்பதில் மெல்லினத்தை அடுத்து அதிர்ந்து ஒலிக்கும். 'அகம்' என்பதில் உயிரிடை நின்று மென்மையாய்க் குழையும். எழுத்து ஒன்றே; இடம் நான்கு; ஒலியும் நான்கு. தலை, பத்து, பந்து, இதழ் எனத் தகரமும் இவ்வாறே. பட்டு, வண்டு, காடு என டகரமும் இவ்வாறே. காற்று, கன்று, ஆறு என றகரமும் இவ்வாறே. எவ்விடத்து எவ்வொலி என்பதை எழுத்தின் இருப்பிடமே காட்டிவிடுகின்றது. வேறு குறி எதற்கு?

தமிழெழுத்தையும் தமிழர் குரலையும் இணைத்துக் கொடுத்தால், ஒலி நெறிகளை எவரும் தனியே எழுதித் தாராமலே இன்றைய பொறி இவ் விடநெறியைக் கற்றுக்கொள்கின்றது. 'தங்கம்' என எழுதிக் கொடுத்தால் அதிர்வொலியோடு பேசுகின்றது. 'பக்கம்' எனக் கொடுத்தால் வல்லொலியோடு பேசுகின்றது. எழுத்தில் குறையிருப்பின் பொறி தடுமாறியிருக்கும். ஆங்கிலத்திற்கோ, எழுத்துக்கும் ஒலிக்கும் இசைவின்மையால், சொல்தோறும் ஒலிப்பைக் குறித்துவைத்த அகரமுதலிகளைப் பொறியாளர் நெடுங்காலம் நம்பியிருக்க நேர்ந்தது. முன்னோர் வகுத்த எழுத்து முறையின் செப்பத்தை இதனினும் தெளிவாக எவர் காட்ட முடியும்?

பொறி தடுமாறும் இடம்

அங்ஙனமாயின் தமிழ்ப் பொறி எங்குத் தடுமாறுகின்றது? அயற்சொல் நுழைந்த இடத்தில் தடுமாறுகின்றது.

'பந்தம்' என்னும் எழுத்தமைப்பை எடுத்துக்கொள்க. தீப்பந்தம் என்னும் தமிழ்ச்சொல்லில் பகரம் வல்லொலி. 'கட்டு' எனப் பொருள்படும் வடசொல்லாயின், அதே எழுத்தை அதிர்வொலியோடு பலுக்குவர். 'பாவம்' என்று எழுதினால் தீவினையா, முகக்குறிப்பா? முன்னதற்கு ஓரொலி, பின்னதற்கு வேறொலி. எழுத்து மட்டும் கண்ட பொறி எதனைக் கொள்ளும்? ஒருகால் சரியாகச் சொல்லும். மறுகால் பிழையாகச் சொல்லும். பிணைப்பு, தளை என்று எழுதினால் இத் தடுமாற்றம் உண்டா? தீவினை, மெய்ப்பாடு என்று எழுதினால் ஐயம் எழுமா?

1916-ஆம் ஆண்டளவில் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையை முன்வைத்தபோது நகையாடியோர் பலர். அயற்சொற்கலப்பு மொழியின் ஒலியமைதியைக் கெடுக்கும் என்று பாவாணரும் பெருஞ்சித்திரனாரும் ஓயாது எழுதினர். அஃது உணர்ச்சிக் கூற்று என்றனர் எதிர்த்தோர். இன்று உணர்ச்சி என்பதே அறியாத பொறியொன்று அக்கூற்றிற்குச் சான்றாக நிற்கின்றது. தமிழ்ச்சொல்லை வழுவின்றிப் பேசும் பொறி, கலப்புச் சொல்லில் கால் இடறுகின்றது.

வேறு சில இடறல்களும் உள. எண்ணுருக்களைக் கண்டால் சில பொறிகள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகின்றன. '1330' என்று கொடுத்தால் 'ஆயிரத்து முந்நூற்று முப்பது' எனச் சொல்லாமல் ஆங்கில எண்களை அடுக்குகின்றன. இதற்கு மருந்து எளிது: எண்ணை எழுத்தால் எழுதிக் கொடுத்தல் வேண்டும். குற்றியலுகரமும் நோக்கத்தக்கது. 'பந்து' என்பதன் ஈற்றுகரம் அரை மாத்திரையே, இதழ் குவியாது. 'பசு' என்பதன் ஈற்றுகரம் முழு மாத்திரை, இதழ் குவியும். இவ்விரண்டையும் ஒன்றாக ஒலிக்கும் பொறியை ஆசிரியர் ஒதுக்கிவிடல் வேண்டும்.

எவர் குரல்?

தமிழ்ப் பொறியின் குரல் எவருடைய குரல்? இவ் வினாவைத் தமிழர் பெரும்பாலோர் இன்னும் எழுப்பவேயில்லை.

2023-இல் மெட்டா நிறுவனம் 1,100-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கான பேச்சுப் பொறிகளை வெளியிட்டது. அவற்றுள் தமிழும் ஒன்று. அவை பெரிதும் விவிலியப் புதிய ஏற்பாட்டைப் படித்துப் பதிந்த குரல்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. அந்நூல் பல மொழிகளில் கிடைப்பதால் அதனைக் கொண்டனர்; அதில் குற்றமில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: ஒரு சமய நூலின் மொழிபெயர்ப்பு நடையையும், அதனைப் படித்த ஒரு சிலரின் குரலையும் கேட்டு வளர்ந்த பொறி, தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழொலி கற்பிக்க வருகின்றது. அதனினும் நல்ல தமிழை அதற்குக் கொடுத்திருக்க வேண்டியவர் எவர்?

தமிழ் நிலத்துக்குள்ளேயே ஒலிச்செல்வம் பரந்து கிடக்கின்றது. ரகர றகர வேறுபாடு பல மாவட்டங்களில் மங்கிவிட்டது. குமரி மாவட்டத்து நாவிலோ றகரம் இன்றும் அழுந்தி ஒலிக்கின்றது. 'காற்று', 'நேற்று' என்பவற்றின் றகர இரட்டையை யாழ்ப்பாணத்தார் நுனிநாவால் ஒற்றிப் பலுக்குகின்றனர். ஒற்றல் என்று தொல்காப்பியம் சொன்னதை அங்குக் கேட்கலாம். தென்பாண்டி நாட்டில் ழகரம் ளகரமாகித் தேய்ந்த ஊர்களும் உண்டு. சென்னைத் தெருக்களில் அது யகரமாகி உதிர்ந்ததும் உண்டு.

பொறிக்குக் குரல் கொடுத்தவர் 'மறம்' என்பதையும் 'மரம்' என்பதையும் ஒன்றாகப் பலுக்குபவராயின், அப்பொறியைக் கேட்கும் ஆயிரம் பிள்ளைகளும் அதனையே கற்பர். ஓர் ஆசிரியரின் பிழை ஒரு வகுப்போடு நிற்கும். பொறியின் பிழை கண்டம் கடந்து செல்லும், தலைமுறையையும் கடக்கும்.

வட்டார வழக்கெல்லாம் பிழையென்பது இதன் கருத்தன்று. வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் முதலாகக் கொண்டே தொல்காப்பியம் எழுந்தது என்பதைப் பனம்பாரனார் பாயிரம் உரைக்கின்றது. பாட்டியின் பேச்சைப் புரிந்துகொள்ள மாட்டாத பிள்ளைக்குச் செந்தமிழ் மட்டும் தெரிந்து என்ன பயன்? கேட்டற்குப் பல வட்டாரக் குரல்கள் வேண்டும். பலுக்கற்கு எழுத்தொலி திருந்திய குரல் வேண்டும். இரண்டையும் குழப்புதல் கூடாது.

பயன்கொள்ளும் முறை

ஆசிரியர் இப்பொறியைக் கையாளும் முறை குறித்துச் சில சொல்லத்தகும்.

முதலாவது, வாய்க்கு முன் காது. 'வலி, வளி, வழி', 'கலி, களி, கழி', 'மனம், மணம்', 'பனி, பணி', 'கரி, கறி', 'இரை, இறை' எனச் சொல் இணைகளைப் பொறியில் ஒலிக்கச் செய்து, கேட்டது எச்சொல் என்று பிள்ளை படத்தைச் சுட்டிக் காட்டட்டும். காது பிரித்தறிந்த பின்னரே வாய் திறக்கச் சொல்லல் வேண்டும்.

இரண்டாவது, பல குரல்கள் வேண்டும். அமெரிக்க நாட்டு இந்தியானாப் பல்கலைக்கழக அறிஞர்கள் 1991-இலும் 1993-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்குச் சான்று. சப்பானியர்க்கு ஆங்கில ரகர லகரங்களைப் பிரித்தறிதல் அரிது. ஒருவர் குரலை மட்டும் கேட்டுப் பயின்றோர், புதியவர் பேசியபோது அத்துணை வெற்றி பெறவில்லை. பலர் குரலைக் கேட்டுப் பயின்றோர் புதிய குரலிலும் வேறுபாட்டை உணர்ந்தனர். ஒரே ஆசிரியரையுடைய சிற்றூர்ப் பள்ளிக்கு இது பெருஞ்சிக்கல். பொறியோ ஆண் பெண் குரல்கள் பலவற்றில் அதே சொல்லைச் சொல்லவல்லது. பொறியின் தலையாய நலம் இதுவே.

மூன்றாவது, முன்னரே கேட்டுத் தேர்தல் வேண்டும். ஆசிரியர் தம் காதால் கேட்டுத் திருத்தமென்று கண்ட ஒலிப்பதிவை மட்டுமே வகுப்பிற்குக் கொண்டுசெல்லல் வேண்டும். ழகரம் பிழைத்த பதிவு எத்துணை இனிய குரலாயினும் குப்பைக்கே உரியது. சமையலில் உப்பைச் சுவைத்துப் பாராமல் எந்தத் தாயும் பிள்ளைக்கு ஊட்டுவதில்லை.

நான்காவது, கேட்டற் பாடங்களை ஆசிரியரே எழுதுதல் வேண்டும். சந்தை உரையாடல், பேருந்து நிலைய அறிவிப்பு, பாட்டி சொல்லும் கதை எனப் பிள்ளைகளின் நிலைக்கேற்ப நல்ல தமிழில் எழுதிப் பொறியிடம் கொடுத்தால் அது பேசித்தரும். முன்னர் இதற்கு ஒலிப்பதிவுக் கூடமும் நடிப்போரும் பணமும் வேண்டியிருந்தன. இன்று ஓர் ஏழைப் பள்ளியின் ஆசிரியரும் ஒரு மாலைப் பொழுதில் செய்துகொள்ளலாம்.

ஐந்தாவது, பிள்ளை தன் குரலைத் தானே பதிந்து, பொறியின் குரலோடு ஒப்பிட்டுக் கேட்கட்டும். வகுப்பில் எழுந்து பேச நாணும் பிள்ளை பொறியின்முன் நாணுவதில்லை. ஆனால், மதிப்பெண் இடும் உரிமையைப் பொறிக்குக் கொடுத்தல் ஆகாது. யாழ்ப்பாணப் பிள்ளையின் றகரத்தை அது பிழையென்று தள்ளக்கூடும். மழுங்கிய ழகரத்தைச் சரியென்று கொள்ளவும் கூடும்.

பொறி ஆசானாகாது

இவ்வளவு கூறியபின் ஓர் எச்சரிக்கையும் கூறியாதல் வேண்டும்.

2003-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பத்திரிசியா கூலும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்பது திங்கள் அகவையுடைய அமெரிக்கக் குழந்தைகள். ஒரு பிரிவினரிடம் சீனமொழி பேசுவோர் நேரில் வந்து, பன்னிரண்டு அமர்வுகளில், விளையாடியும் கதை படித்தும் பேசினர். மற்றப் பிரிவினர்க்கு அதே பேச்சு திரைப்பதிவாகவும் ஒலிப்பதிவாகவும் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. பதிவில் கேட்ட குழந்தைகள் கற்கவில்லை. ஒலி ஒன்றே, ஆனால், முகம் இல்லை, கண்ணோடு கண் நோக்கு இல்லை, அன்பு இல்லை.

ஏழு அகவைச் சிறுமி கைக்குழந்தை அல்லள். பொறியாலும் பயன் பெறுவாள். ஆயினும், தொட்டிலருகே தமிழ் பேசாத இல்லத்துக்குப் பொறி ஈடாகாது என்பதை இவ்வாய்வு முகத்தில் அறைந்தாற்போல் சொல்கின்றது. பிள்ளையிடம் ஆங்கிலம் பேசிவிட்டு, 'தமிழைத் திறன்பேசி கற்பித்துவிடும்' என்றிருக்கும் பெற்றோரே! பொறி ஒலியைத் தரும், உறவைத் தராது. 'அம்மா' என்று பிள்ளை அழைக்க, 'என்னம்மா' என்று திரும்பும் முகத்தைப் பொறி எங்கிருந்து கொண்டுவரும்?

ஆசிரியர்க்கும் இதுவே. ழகரத்தை ஒலிக்கும்போது நா எங்கே வளைகின்றது என்பதைப் பொறி காட்டாது. அதற்கு நாவே இல்லை. வாயைத் திறந்து, நா வளைவதைக் காட்டி, பிள்ளையின் முயற்சியைக் கண்டு முறுவலிப்பவர் ஆசிரியரே. பொறி பயிற்சிக் களம்; ஆசிரியரே பயிற்றுநர்.

குரல் எவர் உடைமை?

நியூசிலாந்தின் வடமுனையில் கைத்தாயா என்றொரு சிற்றூர். அங்கு மாவோரி மக்களின் வானொலி நிலையம் ஒன்றுண்டு. 'தே இக்கு மீடியா' என்பது அதன் பெயர். 2018-இல் அந்நிலையத்தார் தம் மக்களிடம் குரல் கேட்டனர். பத்தே நாள்களில் ஏறத்தாழ 300 மணி நேர மாவோரிப் பேச்சைத் திரட்டினர். அதைக் கொண்டு மாவோரிப் பேச்சை அறியும் பொறியைத் தாமே செய்தனர். அயல் நிறுவனங்கள் அப்பதிவுகளை விலைக்குக் கேட்டன. அவர்கள் மறுத்தனர். மண்ணை இழந்த மக்கள் மொழியையும் விற்பதில்லை என்பது அவர்தம் நிலை. குரல்களுக்கு உடைமையர் குரல் கொடுத்த மக்களே. நிலையத்தார் அவற்றின் காப்பாளரே என்று உரிமம் வகுத்தனர்.

மாவோரி பேசுவோர் தொகை தமிழ் பேசுவோர் தொகையில் ஒரு சிறு கூறு. அவர்க்கு இயன்றது உலகெங்கும் பரந்த தமிழர்க்கு இயலாதா? ஆற்றலுக்குக் குறைவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் தமிழ்ப் பேச்சுப் பொறிக்கான ஆய்வுகள் பல்லாண்டுகளாக நடந்துவருகின்றன. மொசில்லா அமைப்பு 2017-இல் தொடங்கிய 'காமன் வாய்சு' என்னும் பொதுக்குரல் திட்டத்தில் தமிழுக்கும் இடமுண்டு. எவரும் தம் குரலில் தொடர்களைப் படித்துக் கொடுக்கலாம். அப்பதிவுகள் எவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கும். குறைவது ஆற்றலன்று, அக்கறை.

தமிழாசிரியர் ஒவ்வொருவரும் எழுத்தொலி திருந்திய தம் குரலில் ஒரு மணி நேரமேனும் பதிந்து கொடுத்தாலென்ன? 1816-இல் பினாங்கில் தொடங்கி இருநூறு ஆண்டுகளைக் கடந்து தமிழ்க்கல்வியைக் காத்துவரும் மலேசியத் தமிழர் தம் பள்ளிகளின் குரலைச் சேர்த்தாலென்ன? குமரி முனை உழவரின் றகரத்தையும், ஈழத்து மூதாட்டியின் றகர இரட்டையையும், ழகரம் மாறாத முதியோரின் பேச்சையும், அவர்தம் இசைவு பெற்று, அவர்கள் இருக்கும்போதே பதிந்து வைத்தாலென்ன? முதியவர் ஒருவர் மறையும்தோறும் ஓர் ஒலிக்களஞ்சியம் மண்ணுக்குள் போகின்றது. ஏட்டுச் சுவடிகளைச் செல்லரிக்கவிட்டுப் பின்னர் வருந்திய இனம் இது. குரற்சுவடிகளையும் இழந்துவிட்டு வருந்தப் போகின்றதா?

தமிழ்ப் பெருமக்களே! அச்சு வந்தபோது தமிழ் அதனை ஏற்றது. வானொலி வந்தபோதும் கணினி வந்தபோதும் ஏற்றது. பேசும் பொறியையும் ஏற்கும். ஆனால், ஏற்பது வேறு, அடிமைப்படுவது வேறு. பொறி தமிழனிடமிருந்து தமிழ் கற்க வேண்டுமேயன்றி, பிழைபட்ட பொறியிடமிருந்து தமிழன் தமிழ் கற்கும் இழிநிலை வருதல் கூடாது. நல்ல குரலைக் கொடுப்போர் நல்ல பொறியைப் பெறுவர். கொடாதோர், பிறர் கொடுத்ததைக் கேட்டுத் தலையாட்டுவர்.

தொரண்டோச் சிறுமி ஒருநாள் 'வழி' என்பதையும் 'வலி' என்பதையும் பிரித்துக் கேட்பாள், பிரித்துச் சொல்வாள். அன்று அவள் காதில் ஒலித்த குரல் தமிழர் தேர்ந்து கொடுத்த குரலாய் இருக்கட்டும். அவள் சரியாகச் சொன்னதும் மகிழ்ந்து தழுவிக்கொள்ளும் கை, தமிழ் பேசும் தாயின் கையாய் இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!